சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு

பொய் சொல்லச் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் மகளைக் குறை சொல்லக் கூடாது.

சுஷ்மிதா இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறு படிக்கிறாள். பள்ளிப் பூப்பந்துக் குழுவில் அவள்தான் முதல் ஒற்றையர் ஆட்டக்காரி. நன்றாக ஆடினால், தேர்வு முடிவுக்குக் காத்திராமல் விளையாட்டுத் திறனை வைத்தே நல்ல உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்கிவிடலாம். ஒரு பள்ளியின் பெயரைத் தன் மேசைக்கு மேலே எழுதி ஒட்டி வைத்திருந்தாள். படிப்பில் அவள் சுமார்தான், பெற்றவள் நானே சொல்கிறேன். அந்த மட்டையை விட்டால் அவளுக்கு அந்தப் பள்ளிக்கு வேறு வழி இல்லை.

பள்ளிப் பயிற்றுநர் நிஷாந்தன். யாழ்ப்பாண வழிக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வருடத் தொடக்கத்தில் பெற்றோரை எல்லாம் உட்கார வைத்து ஒரு விதி சொன்னார்.

"போட்டி சீசன்ல வெளிய பிரைவேட் கோச்சிங் போனா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. சொல்லாம மட்டும் போகாதீங்க. அவ்வளவுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பிள்ளையை நான் எங்கே அனுப்புகிறேன் என்று இவருக்கு ஏன் கணக்கு ஒப்பிக்க வேண்டும்? இருபது பிள்ளைகளுக்கு இவர் ஒருவர். என் மகள் முகத்தை இவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை பார்த்துவிடுவார்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அதில் பாதிப் பேர் ரகசியமாக அனுப்புகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். ஊரே ஓடும்போது நான் மட்டும் நடந்து போக முடியுமா?

தீவின் மேற்குக் கோடியில், பூன் லேயில் ரமீஸ் என்று ஒருவர் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, தோ பாயோவிலிருந்து சனிக்கிழமைதோறும் அவளை ரயிலேற்றிக் கூட்டிப் போனேன். என் கணவர் ஆதவனுக்கு துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை. ஒரு காரியத்தை நேராகச் செய்வதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன்.

"கோச்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன் தாரணி. அவரு ஒண்ணும் கடிச்சுத் திங்க மாட்டாரு."

"சொன்னா வேணாம்பாரு. வேணாம்னு சொன்னதுக்கு அப்புறம் போனாத்தான் தப்பு. சொல்லாம போனா தப்பே இல்ல லா."

அவர் என்னைப் பார்த்துவிட்டு, வேலைக் காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை என்ன செய்கிறாய் என்று பயிற்றுநர் கேட்டால் தமிழ் டியூஷன் என்று சொல்லும்படி மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சிங்கப்பூரில் டியூஷன் என்று சொன்னால் அதற்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள். சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்திருந்தால் நிஷாந்தனும் கேட்டிருக்க மாட்டார். தமிழராய்ப் போனார். அதிலும் அவர் அக்கா மகள் நிவேதிகாவுக்குத் தமிழ் தகராறாம். என் புத்தியை எதால் அடிப்பது?

"யாரு டீச்சர்? எங்க கிளாஸ்?" என்று கேட்டிருக்கிறார்.

என் மகள் கண்ணைச் சிமிட்டாமல் சொல்லியிருக்கிறாள்: "குணவதி டீச்சர். கேம்பல் லேன்ல, பூக்கடைக்கு மேல மாடி. செவப்புக் கண்ணாடி போட்டிருப்பாங்க. ரொம்ப ஸ்ட்ரிக்ட், கோச். கிளாஸ்ல இடமே இல்ல."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே நடித்துக் காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். "அடி கள்ளி!" என்று கன்னத்தைக் கிள்ளி முத்தம் கூடக் கொடுத்தேன். அதன் பிறகு வாரா வாரம் குணவதி டீச்சர் வளர்ந்தார். அவருக்கு முட்டி வலி வந்தது. அவர் பூனை குட்டி போட்டது. வெண்பா தப்பாய்ச் சொன்ன பையனை மாடிப்படியில் நிற்க வைத்தார். ரயிலில் வரும்போது இந்த வாரம் டீச்சருக்கு என்ன ஆகலாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து யோசிப்போம். உண்மையைச் சொன்னால், அந்த ரயில் பயணங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை நிஷாந்தன் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கேம்பல் லேன் போயிருக்கிறார், எப்படியாவது கெஞ்சி ஓர் இடம் வாங்கிவிடலாம் என்று. பூக்கடைக்கு மேலே ஊதுபத்திப் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தார்களாம்.

திங்கட்கிழமை மதியம் போட்டி. சுஷ்மிதாவின் கனவுப் பள்ளியிலிருந்து ஒருவர் ஆட்டக்காரர்களைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் கண்ணில் பட்டால்தான் அடுத்த கட்டத்துக்கு அழைப்பு. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். ஆட்டக்காரர் பட்டியலைக் கொடுக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நிஷாந்தன் எங்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார். ஊதுபத்தி விஷயத்தைச் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சனிக்கிழமை எங்க போறா?"

"பூன் லேல ஒருத்தர்கிட்ட. ரெண்டு மணி நேரம்." பிடிபட்ட வெட்கம் எனக்குக் கோபமாகத்தான் வந்தது. "அதுக்கென்ன இப்ப? ஒரு டியூஷன் பொய்க்கு என் பொண்ணை உக்கார வைக்கப் போறீங்களா?"

"பொய்க்கு இல்ல மேடம். சனிக்கிழமை ரெஸ்ட்னு நெனைச்சுத்தான் வெள்ளிக்கிழமை நான் அவ்வளவு ஸ்மாஷ் அடிக்க விட்டேன். பன்னெண்டு வயசுத் தோள் அது. மறுநாளே இன்னொருத்தரும் அடிக்க விட்டா என்னத்துக்கு ஆகும்?"

நான் சுஷ்மிதாவின் தோளைப் பார்த்தேன். 

"மூணு வாரத்துக்கு முன்ன அவ தோளைத் தடவுறதைப் பார்த்தேன். வலிக்குதான்னு கேட்டேன், இல்லைன்னு சொன்னா. நம்பிட்டேன்." அவர் சுஷ்மிதாவின் பக்கம் திரும்பினார். "சுஷ்மி, இப்ப சொல்லு. வலி இருக்கா?"

"இல்ல கோச். வலிக்கல."

அவர் என்னைப் பார்த்தார். "இவ சொல்றது நிஜமா பொய்யான்னு எனக்கு இனிமே தெரியாது. நீங்க அம்மா. உங்களுக்குத் தெரியும். வலி இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, பேரை எழுதிடுறேன்."

எனக்கும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் அவள் மட்டை பிடிக்கிற வலது கையை விட்டுவிட்டு இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஏன்டி என்று கேட்டதற்குச் சும்மா என்றாள். நானும் சும்மாதான் என்று விட்டுவிட்டேன்.

மகளின் முகத்தைப் பார்த்தேன். நேராக என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இமை ஆடவில்லை, குரல் நடுங்கவில்லை. பெற்று வளர்த்த முகம், அதில் ஒரு எழுத்துக்கூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இதே முகத்தோடுதான் அவள் சிவப்புக் கண்ணாடியைச் சொன்னாள், பூனைக்குட்டிகளைச் சொன்னாள். நான் கைதட்டினேன்.

"அம்மா, சொல்லுங்கம்மா."

வலியோடு ஆடித் தோள் போய்விட்டால்? பன்னிரண்டு வயதில் மட்டையே பிடிக்க முடியாமல் ஆகிவிட்டால்?

"எனக்குத் தெரியல கோச்" என்றேன்.

அவள் முகம் அப்போதுதான் உடைந்தது. "அம்மா! அன்னிக்கு வலிச்சுச்சு. அன்னிக்குப் பொய் சொன்னேன். இப்ப வலிக்கல. ப்ராமிஸ்மா, நிஜமாவே வலிக்கல!"

நிஷாந்தன் இன்னும் ஒரு நிமிடம் எனக்காகக் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மாற்று ஆட்டக்காரி யும்னாவின் பெயரை எழுதிக் கொடுத்தார். யும்னா நன்றாகவே ஆடினாள், பாவம், அந்தப் பிள்ளையை நான் என்ன சொல்வது? அந்தப் பள்ளியிலிருந்து வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவளைப் பற்றித் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். சுஷ்மிதா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளிக்கும் கை தட்டினாள்.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கையைத் தூக்கச் சொன்னார், சுழற்றச் சொன்னார், அழுத்தி அழுத்திப் பார்த்தார், படமும் எடுத்தார்.

"கொஞ்ச நாள் முன்னாடி தசை லேசா பிடிச்சிருக்கும். இப்ப ஒண்ணுமே இல்லையே. தாராளமா விளையாடலாம்."

"நேத்து விளையாடியிருந்தா?"

"நேத்தும் விளையாடியிருக்கலாம்."

சுஷ்மிதா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். 'நான் சொன்னேன் இல்லையா' என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. சண்டை போட்டிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படியிறங்கி வெளியே வந்தோம். எதிரில் பரோட்டாக் கடையில் கூட்டம். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"பசிக்குதாடா?"

"இல்ல."

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை, தானாகத் திரும்பிவிட்டது. நான் எதற்காகப் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நிஜமாவே பசிக்கலம்மா" என்று சொல்லிவிட்டு, போகிறவர் வருகிறவர் நடுவில் நின்று அழ ஆரம்பித்தாள்.