மூச்சு வாங்காத சண்டை

மருத்துவர் சொன்னவற்றில் கடைசி விதிதான் தையல்காரியை மலைக்க வைத்தது. ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு இன்ஹேலர், சரி. முதலில் பத்து நிமிடம் நடை, அதுவும் சரி.

"ஓடும்போது பக்கத்துல வர்றவர்கிட்ட ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். ரெண்டு வார்த்தையிலயே மூச்சு இழுத்தா, அப்படியே நின்னுடுங்க."

பக்கத்தில் வருபவர் என்றால் அவள் கணவன்தான். லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ளவர்களையெல்லாம் லிஃப்டில் ஏற்றி இறக்கியே தொப்பை வைத்தவன். "உனக்காக இந்த உடம்பை அசைக்கிறேன், ஞாபகம் வச்சுக்கோ" என்று புலம்பிக்கொண்டே காலணியை மாட்டினான்.

முதல் நாள் அவள், "வானம் மேகமா இருக்கு" என்றாள். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்குக் காலை ஆறு மணிக்குப் புதிதாகப் பேச என்ன இருக்கிறது?

இரண்டாம் நாள் அவன் வாய் தவறி, "ஈரத்துண்டைக் கட்டில்லயே போட்டுட்டேன் போல" என்றான்.

அவ்வளவுதான். அணை உடைந்தது. துண்டில் தொடங்கி, அவன் மறந்த கல்யாண நாளைத் தொட்டு, அவன் தங்கை போன வருடம் வாங்கிப்போய்த் திருப்பித் தராத குக்கர் வரை வாக்கியங்கள் சரம் சரமாக வந்தன. மூச்சு விடாமல் திட்டினாள் என்று சொல்வார்களே, இவள் நிதானமாக மூச்சு விட்டு விட்டுத் திட்டினாள். தெருமுனை வந்ததே இருவருக்கும் தெரியவில்லை.

"அடேங்கப்பா! முழு வாக்கியம் கேட்டா, முழு கட்டுரையே வருதே!" என்றான் அவன்.

அன்றிலிருந்து தினம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது அவன் வேலை. செய்த குற்றங்கள் தீர்ந்தபோது செய்யாததையும் ஒப்புக்கொண்டான். ஒரு மாதத்தில் ஒரு கிலோமீட்டர், மூன்று மாதத்தில் மூன்று. தையல் மெஷினுக்கு முன்னால் உட்காரும்போது, கால்கள் தன்னுடையவைதானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருக்கும். பஞ்சும் நூல்தூசும் பறக்கும் தன் தையல் கடையில் மாஸ்க் கட்டிக்கொண்டு, தனக்கென ஒரு ஓட்டக் கால்சட்டை தைத்தாள். இடுப்பில் இன்ஹேலருக்கு ஒரு பை. அடுத்த மாதம் நகரில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். இருவர் பெயரையும் கொடுத்தாயிற்று.

அப்போதுதான் அவள் அம்மா ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். அதே கட்டடத்து மூன்றாம் மாடி டீச்சர் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள்: "உங்க பொண்ணு தினம் காலைல மாப்பிள்ளையைத் திட்டிக்கிட்டே துரத்துறா. பாவம், அவர் ஓடிக்கிட்டே இருக்கார்."

"என்னடி நடக்குது இங்க? மாப்பிள்ளை, என்ன பிரச்சினைன்னாலும் உக்காந்து பேசுங்க" என்றாள் அம்மா, காலணியைக்கூடக் கழற்றாமல்.

"உக்காந்து பேசினா பலன் இல்லை அத்தை, ஓடிக்கிட்டே பேசணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றான் அவன்.

விஷயம் புரிந்ததும் அம்மாவின் முகம் வெளிறியது. "சண்டைன்னு வந்தேன். சண்டையாவே இருந்திருக்கலாம். நீ ஓடுறியா?"

பள்ளியில் ஒவ்வொரு வருடமும் விளையாட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவள் அம்மா. 'என் மகளால் ஓட முடியாது.' மற்ற பிள்ளைகள் ஓடினார்கள். இவள் மைதான ஓரத்தில் அவர்கள் பைகளைக் காத்தாள். இன்றுவரை இன்ஹேலரைக் கடையின் திரைக்குப் பின்னால் போய்த்தான் இழுப்பாள். ஒரே ஒரு முறை, ஒரு ஓட்டத்தின் முடிவுக்கோட்டைத் தன் காலால் தாண்ட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

"தடுக்காதே அம்மா. வந்து பாரு, போதும்."

அம்மா அப்போதுதான் காலணியைக் கழற்றினாள். ஊருக்குத் திரும்பவில்லை.

ஓட்ட நாளில் மூன்று கிலோமீட்டர் வெண்ணெயாய்ப் போனது. நான்காவதில் யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். புகை சாலையின் குறுக்கே கிடந்தது. அதைக் கடந்ததும் நெஞ்சில் யாரோ நாடா வைத்து இறுக்குவது போல இருந்தது.

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கையிருப்பிலேயே பெரிய குற்றத்தை எடுத்து வீசினான். "என் தங்கச்சி அடுத்த வாரம் வர்றா. பத்து நாள் தங்கப்போறா."

"அப்ப... நீங்க..." அதற்கு மேல் வரவில்லை.

அவன் நின்றுவிட்டான். அவள் கையை ஆட்டி, போகலாம் என்றாள். இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்தான். பற்களைக் கடித்தால் போய்விடலாம். ஆட்கள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளி மைதானத்தில் தாண்டிப் போன அதே வேகத்தில். அவன் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. "உன் மூச்சு, நீதான் சொல்லணும்" என்றான் மெதுவாக.

அவள் நின்றாள். திரையைத் தேடவில்லை. நடுத்தெருவில், நூறு பேர் பார்க்க, இடுப்புப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து ஒருமுறை, பிறகு நிதானமாக மறுமுறை இழுத்தாள். நடைபாதை விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு ஓட்டக்காரர் தயங்கி, "உதவி வேணுமா?" என்று கேட்டார். "ஆஸ்துமா. இப்ப சரியாயிடும்" என்றாள், தன் ஊர்ப் பெயரைச் சொல்வது போல.

கால் மணி நேரம். நெஞ்சு முழுதாகத் தளர்ந்தது. பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"பத்து நாள் தங்கட்டும், யார் வேண்டாம்னா, ஆனா வரும்போது என் குக்கரை எடுத்துக்கிட்டு வரணும்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க!"

"மூச்சுக்கு ஒரு தடவைகூட நிறுத்தலை" என்று எழுந்தான் அவன், முகமெல்லாம் சிரிப்பாக.

கொஞ்சம் நடந்து, பிறகு மெல்ல ஓடினார்கள். முடிவுக்கோட்டை அவள் தாண்டியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக்கு முந்தைய இடம். கால் தசை பிடித்துக்கொள்ள நொண்டி வந்த கணவன் கடைசி.

அம்மா தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள், சின்ன வயதில் செய்தது போலவே. உள்ளே மூச்சு சீராக வந்து போனது. போனை எடுத்துப் பெரியம்மாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நம்ம பொண்ணு ஓடி முடிச்சுட்டா. ஆமா, அவளேதான்! ஆறு கிலோமீட்டர்!"

"அஞ்சும்மா" என்றாள் தையல்காரி.

அம்மா போனைக் கையால் மூடினாள். "நீ சும்மா இரு."

அடுத்த போன் சித்திக்கு. அதற்குள் அது ஏழாகியிருந்தது. தையல்காரி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.