மிதமான ஏற்றம்

…ஏற்றம் என்று போட்டால் பயந்துவிடுவார்கள், சரிவு என்று போடலாம், லேசான சரிவு, 'தொடக்கத்தில் ஒரு லேசான சரிவு, அதன்பின் கண்ணுக்கினிய காட்சிகள்', ஆமாம், அதுதான் சரி, கண்ணுக்கினிய என்ற சொல் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் ஹாலோஃபோர்ட் நடையர் சங்கத்தின் துண்டறிக்கை ஒன்றுகூட அச்சேறியதில்லை என்று நினைத்தபடி மால்கம் ஆப்பிள்யார்ட் நின்றார். நின்றதற்குக் காரணம் அவர் இல்லை, ஜிலியன். நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்த மனைவி மறுபடியும் குனிந்துவிட்டாள், ஒரு நிமிஷம்ப்பா, லேஸ் அவுந்துடுச்சு என்று. காரை நிறுத்திவிட்டுக் கிளம்பி முதல் வயலைக்கூட முழுசாகத் தாண்டவில்லை, அதற்குள் லேஸ். ஒருவர் நின்றால் மற்றவர் அவரைப் பார்க்கக் கூடாது, அது இந்த மலைப்பக்கத்து மரியாதை, களைத்தவர் முகத்தைப் பார்ப்பதும் குளிக்கிறவரை எட்டிப் பார்ப்பதும் ஒன்று, ஆகவே அவர் கைத்தடியை ஊன்றிப் பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பிக் காட்சியைப் பார்த்தார். காட்சி இல்லை. பனிமஞ்சு மூடியிருந்தது. இருந்தாலும் பார்த்தார், மூச்சு உள்ளே போய் வெளியே வருகிற வரைக்கும் நன்றாகப் பார்த்தார், பாவம் ஜிலியன் என்று நினைத்தார்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். மேலே போனதும், பெஞ்சில் உட்கார்ந்ததும், பிளாஸ்க்கைத் திறந்ததும். வசந்தகாலத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற திறந்தநாள் நடைகளின் பட்டியல் நாளைக்கு அச்சுக்குப் போகிறது, இதம் ஒன்று, மிதம் ஒன்று, கடினம் ஒன்று, யார் யார் எதில் என்பதையும் அவர்தான் தீர்மானிக்க வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள், கீத் என்கிறவனா, மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு இத்தனை மீட்டர் ஏறினோம் இத்தனை படி வைத்தோம் என்று கோழி முட்டை கணக்கு மாதிரி ஒப்பிக்கிற அவனா. நடையைத் தரம் பிரிப்பது கணக்கு அல்ல, கலை. முப்பது வருஷம் பள்ளிகளை ஆய்வு செய்து மிக நன்று, நன்று, மேம்பட இடமுண்டு, போதாது என்று தரம் எழுதியவருக்கு ஒரு குன்றைத் தரம் பிரிக்கத் தெரியாதா, வாசலில் நுழைந்ததுமே தெரிந்துவிடும், பள்ளியும் அப்படித்தான், குன்றும் அப்படித்தான். 'எளிது' என்ற பெயரை மாற்றியதே அவர்தான். எளிது என்றால் ஒருத்தரும் வரமாட்டேன் என்றார்கள், இடுப்பெலும்பு மாற்றிக்கொண்ட எர்னஸ்ட்கூட, நான் என்ன நோயாளியா என்று கேட்டு மிதத்தில் வந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டார், நாலு பேர் தூக்க வேண்டியதாயிற்று, தூக்கும்போதும் இயற்கையை ரசிக்கத்தான் உட்கார்ந்தேன் என்றார். அதற்குப் பிறகுதான் செயற்குழு கூடி, மூன்று கூட்டம் போட்டு, பிஸ்கட் டப்பாக்களைக் காலி செய்து, 'இதம்' என்று பெயர் வைத்தது. இதத்தில் வாய்க்கால் கரை, தள்ளுவண்டிக் குழந்தை, மோரீனுடைய கிழநாய், கடைசியில் கேக். மோரீன்தான் அதற்குத் தலைவி. நல்ல பெண்மணி, அவள் நடத்தும் நடையில் நடப்பதைத் தவிர எல்லாம் நடக்கும்.

அந்த மோரீனிடம்தான் ஜிலியனை ஒப்படைக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் தன்னோடு நடந்தவளை… எப்படிச் சொல்வது. ஆய்வு அறிக்கைகளில் இதற்கென்று ஒரு நடை இருந்தது, முதலில் ஒரு பாராட்டு, பிறகு ஒரு 'எனினும்', பிறகு கத்தி. ஜிலியன், உன் உற்சாகம் போற்றத்தக்கது, எனினும்… இல்லை, ஜிலியன், மோரீன் குழுவில் நல்ல பேச்சுத்துணை இருக்கிறது… லேஸ் கட்டி முடித்துவிட்டாள், போலாமா என்றாள், அவர் தயங்காமல் நடந்தார், தயங்கவே இல்லை, காலில் அந்த முதல் கனம் மட்டும், அது வயல் ஈரம், பூட்ஸில் மண் ஒட்டுகிறது, பிப்ரவரி மழை. போன வருஷத்துக்கு இந்த வருஷம் பாதை அரித்துக் கிடப்பதைப் பற்றி மாவட்டச் சபைக்கு எழுத வேண்டும். இந்த நடை முன்பு இதத்தில்தான் இருந்தது, அவர்தான் மிதத்துக்கு உயர்த்தினார், அரிப்பு காரணமாக என்று விளக்கமும் கொடுத்தார், அப்போது கீத் என்ன சொன்னான், மலை வளராது மால்கம் என்றான், எல்லாரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள், ஒருத்தர்கூட சிரிக்கவில்லை, ஏன் சிரிக்கவில்லை, நல்ல நகைச்சுவைதானே, கீத் சொன்னவற்றில் உருப்படியாகச் சிரிக்கும்படி இருந்தது அது ஒன்றுதான்.

கல்மதிலின் மேல் ஏறி இறங்கும் படி. நாலு கல், மதிலிலிருந்து நீட்டிக்கொண்டு, ஆட்டுக்கு முடியாது மனிதனுக்கு முடியும் என்ற ஏற்பாடு. ஜிலியன் ஏறி அந்தப் பக்கம் இறங்கியதும் நின்று, மதிலில் முளைத்த பாசியை உற்றுப் பார்த்தாள், இது என்ன பாசி, போன தடவை இருந்ததா என்று கேட்டாள். இது வேறு, புதுப் பழக்கம். பாசி, பறவை, மேகம், லேஸ். உடம்பு தளர்கிறவர்களுக்குத்தான் இப்படித் திடீரென்று இயற்கை அறிவு வரும், எர்னஸ்டுக்கு வந்தது, இப்போது இவளுக்கு. அவர் மதில்மேல் உட்கார்ந்தபடியே பாசியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததையும் கொஞ்சம் சொன்னார், உட்கார்ந்து சொல்வதற்கு வசதியாக இருந்தது. அப்போதுதான் கீழிருந்து நாலு சக்கர மோட்டார் சைக்கிளில் அந்தப் பண்ணைக்காரன் வந்தான், பின்னால் நாய், முன்னால் ஒரு மூட்டை வைக்கோல், வண்டியை அணைக்காமலேயே நிறுத்தி, இந்தப் பக்கத்து ஆட்கள் ஆண் பெண் பார்க்காமல் எல்லாரையும் வாத்து என்று கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டான். "என்ன வாத்தே, மதில்ல குந்திட்ட? முட்டையா போடப் போற?" மால்கம் தான் காட்சியை ரசிப்பதாகச் சொன்னார். பண்ணைக்காரன் மஞ்சைப் பார்த்தான், மால்கமைப் பார்த்தான், ஜிலியனையும் ஒரு பார்வை பார்த்தான், ஆமா ஆமா, நல்லா தெரியுது என்றான், போய்விட்டான். வாத்து. ஆய்வாளர் ஆப்பிள்யார்ட் உள்ளே நுழைந்தால் தலைமையாசிரியர்கள் எழுந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. ஆனால் அவன் ஏன் ஜிலியனைப் பார்த்தான், அவளும் ஏன் பதிலுக்கு லேசாகத் தலையாட்டினாள், தெரிந்தவர்களோ, தெரிந்திருக்கலாம், சந்தையில் முட்டை வாங்குவாள்.

முட்செடி வேலி, அப்புறம் ஓராள் மட்டும் நுழைகிற அந்த ஆடும் கதவு. முத்தக் கதவு என்று பெயர், முன்னால் போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு முத்தம் தந்தால்தான் விடுவேன் என்பார், ஊர் வழக்கம், கல்யாணமான புதிதில் ஜிலியன் ஒரு கதவையும் விட்டதில்லை, ஒரு நடையில் ஏழெட்டுக் கதவு வரும், அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், அட்டவணை பிந்துகிறது என்பார். எப்போது நின்றது அது. நின்றதா. இப்போது கதவைத் திறந்து பிடித்தபடி அதன்மேல் சாய்ந்து காத்திருந்தாள், சாய்ந்திருந்ததைக் கவனித்துக்கொண்டார், இதையும் சேர்த்துக்கொள்ளலாம், சான்று. சாய்ந்தவளின் கன்னம் குளிரில் சிவந்திருந்தது, மூச்சு வாங்கவில்லை, அது ஆச்சரியம்தான், ஆனால் பெண்கள் மூச்சு வாங்குவதை மறைப்பதில் கெட்டிக்காரிகள், படித்திருக்கிறார் எங்கேயோ. அவருக்குத்தான் காதுக்குள் ஏதோ டமடம என்றது, குல்லாய் இறுக்கம், கம்பளிக் குல்லாய், துவைத்துச் சுருங்கியிருக்கும். இன்னும் கொஞ்ச தூரம்தான், இனி உண்மையாகவே ஏற்றம், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புதர், வழுக்கும் சுண்ணாம்புக் கல், அவர் வாய்க்குள் அறிக்கையை எழுதிக்கொண்டே ஏறினார், ஓரளவு… செங்குத்தான… இருப்பினும்… சராசரி உடல்நலம் உள்ள எவரும்… எவரும்… சராசரி என்றால் என்ன, யாருடைய சராசரி, இதுவரை தன்னைத்தான் அளவாக வைத்திருந்தார், தனக்கு எளிது என்றால் எளிது, தனக்குக் கஷ்டம் என்றால் மற்றவர்களுக்கு ஆபத்து, அளவுகோல் என்று ஒன்று வேண்டாமா… ஜிலியன் மேலே இருந்து, அங்க ஏதோ கொட்டகை மாதிரி ஒண்ணு தெரியுது மால்கம், இங்க நின்னு பாரேன், என்றாள். நின்று பார்த்தார். ஆட்டுக்கொட்டகை. நெடுநேரம் பார்த்தார்.

பெஞ்ச். செத்துப்போனவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு, இந்த இடத்தை நேசித்த யாரோ ஒருவருடைய நினைவாக, இந்தக் குன்றுகளில் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஒரு பிணத்தின் மடியில்தான் உட்கார வேண்டும். மஞ்சு விலகியிருந்தது, கீழே ஹாலோஃபோர்ட் தேவாலயக் கூம்பு, வாய்க்கால், மோரீன் குழு நடக்கும் கரை ஒரு கோடு மாதிரி. ஜிலியன் பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினாள், முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தாள், அவர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டார், குளிர். ஒரு வானம்பாடி கத்தியது. இதுதான் சமயம். பாராட்டு, எனினும், கத்தி. ஆனால் வாய் நினைத்த வரிசையில் பேசவில்லை.

"ஜிலியன், நான் நினைச்சுப் பாத்தேன். இனிமே நீ மோரீன் குழுவுல போனா நல்லதுன்னு தோணுது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் சாண்ட்விச்சை மென்றுகொண்டிருந்தாள். மென்று முடிக்கும்வரை பேசமாட்டாள், வளர்ப்பு அப்படி. அழுவாளோ என்று நினைத்தார், அழுதால் கைக்குட்டை எந்தப் பையில், கோபப்படுவாளோ, பொதுவெளியில் அவள் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை, வீட்டிலும் அதிகம் இல்லை. அவள் கீழே வாய்க்காலைப் பார்த்தாள், பிறகு அவர் மடியில் விழுந்த ரொட்டித்தூளைத் தட்டிவிட்டாள்.

"சரிப்பா. நீயும் வந்தா போறேன்."

நானா என்றார். நானில்லாமல் கடினத்துக்கு யார் தலைமை தாங்குவது. கீத் பாத்துப்பான், அவன்கிட்ட கேட்டேன், சந்தோஷமா செய்றேன்னு சொன்னான், என்றாள். கேட்டாளா, எப்போது கேட்டாள், அவரிடம் சொல்லாமல்… பாவம், தனியாக இதத்துக்குப் போக அவ்வளவு பயம், புருஷன் பக்கத்தில் இல்லாமல் ஒரு வாய்க்கால் கரையில்கூட நடக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டாள், முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறாள். மால்கமின் உள்ளம் இளகியது. தியாகம் என்ற சொல்லை அவர் பயன்படுத்த விரும்பவில்லை, ஆனால் அந்தச் சொல் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. யோசிக்கிறேன் என்றார், பெருந்தன்மையாக. யோசி என்றாள். இறங்கும்போதும் இரண்டு தரம் லேஸ் அவிழ்ந்தது, அவர் இரண்டு தரமும் முகத்தைத் திருப்பி, பொறுமையாக, அன்போடுகூட, காட்சியைப் பார்த்தார், இறக்கத்தில் முழங்கால் வேறு மாதிரி வலிக்கும் என்பதைத் துண்டறிக்கையில் ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தார், வேண்டாம், பயந்துவிடுவார்கள்.

கார் நிறுத்துமிடம். காரின் பின்கதவைத் தூக்கி, விளிம்பில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, சேற்று பூட்ஸைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போடுவது, எந்த நடையிலும் அவருக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், தரம் பிரித்தால் மிக நன்று. தன் லேஸ் முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது, நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னதாக ஒரு சத்தம், 'டிக்'. ஜிலியன் பூட்ஸின் பக்கவாட்டில் இருந்த திருகை இழுத்தாள், சட்டைப் பொத்தான் அளவுக்குத் திருகு, இழுத்ததும் உள்ளே இருந்த மெல்லிய கம்பி தளர்ந்தது, கால் வெளியே வந்தது. இரண்டாவது கால். 'டிக்'. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரே கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்த பூட்ஸ், அவளுடைய விரல் மூட்டுவலிக்கு இதுதான் ஏற்றது, கட்டவே வேண்டாம், திருகினால் போதும் என்று கடைக்காரி செய்து காட்டினாள், அவரும் திருகிப் பார்த்தார், நல்ல வசதி என்றார்… கட்டவே வேண்டாம். எதைக் கட்டினாள் அப்போது. முதல் வயலில், இறங்கும்போது இரண்டு தரம். போன மாதம் காட்டுப் பாதையில். அந்தப் பாசி, அந்தக் கொட்டகை. கீத் ஒவ்வொரு கதவிலும் நின்று மணிக்கட்டைத் தட்டிக்கொண்டு, சாட்டிலைட் கிடைக்கல, கொஞ்சம் பொறுங்க என்பானே, பன்னிரண்டு பேரும் ஒரே திசையில் திரும்பிக் கண்ணுக்கினிய எதையோ பார்ப்பார்களே, ஒருத்தர்கூட அவர் நிற்கிற பக்கம்… அந்தத் தேநீர்க் கோப்பைகள்…

கேட்கலாம். எப்போதிலிருந்து என்று கேட்கலாம். வாய் திறந்தது, மூச்சுதான் வந்தது, குனிந்தே இருந்ததால் இருக்கும், முடிச்சு அசையவே இல்லை, விரல் வழுக்கியது, இன்னும் கொஞ்சம் குனிந்தார். எல்லாக் கேள்விகளையும் விட்டுவிட்டு, என்ன போடட்டும் இந்த நடைக்கு, இதமா மிதமா, என்று கேட்டார். உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போடு என்றாள் ஜிலியன், அவசரமே இல்லாமல். அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர்ப்பக்கத்தை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையை நிமிர்த்தி அவள் பார்க்கும் திசையில் பார்த்தார். அங்கே பழைய கண்ணாடிப் புட்டிகள் போடுகிற மூன்று தொட்டிகள் இருந்தன, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று, நிறமில்லாததற்கு ஒன்று.