பட்டறை பூட்டியிருந்த வியாழக்கிழமை

மானியம் கேட்டு எழுதுவது ஒரு தனி வித்தை. எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. மூக்கு உடைபட்டு உடைபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் பட்டறையில் பையன்கள் மாட்டு வண்டி செய்கிறார்கள், ஜன்னல் கம்பி வளைக்கிறார்கள், உடைந்த கலப்பையைச் சரிபண்ணித் தருகிறார்கள். இதை உள்ளபடி எழுதினால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரு வருஷம் எல்லாரும் எய்ட்ஸுக்குத்தான் கொடுத்தார்கள். மறு வருஷம் பெண் குழந்தைகளுக்கு. அப்புறம் பருவநிலை வந்தது. மாட்டு வண்டிக்கும் பருவநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது என் மகன் கும்போ சொன்னான்: "மாட்டு வண்டி டீசல் குடிக்காதுல்லம்மா. அதை எழுது." எழுதினேன். தலைநகர் லிலோங்வேயில் இருக்கிற அந்த அறக்கட்டளை எங்களுக்குப் பதில் போட்டதே அந்த ஒரு வரிக்காகத்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பையன்களுக்கு வெல்டிங் மிஷின், அதை ஓட்ட சூரிய மின்சாரம், ஒரு வருஷத்துக்கான இரும்பு. கேட்டது அவ்வளவுதான். இருந்த ஜெனரேட்டர் எப்போதோ உயிரை விட்டிருந்தது. பையன்கள் கரி உலையை ஊதி, சுத்தியலால் அடித்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வருமானம் சோளமாவுக்கே பற்றவில்லை.

எங்கள் முசிம்பா பக்கத்தில் பையனுக்கு மீசை அரும்பினால் அடுத்த பேச்சு ஜோனிதான். தென்னாப்பிரிக்காவில் இருக்கிற ஜோகன்னஸ்பர்க்கை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம். எங்கள் ஆண்பிள்ளைகளைத் தின்கிற ஊருக்கு ஒரு செல்லப் பெயர் வேறு. கும்போவின் அப்பா போனார். முதலில் ஒரு கம்பளியும் ரேடியோவும் வந்தன, பிறகு போன் மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்த நான் வேலையை விட்டுவிட்டு இந்தப் பட்டறையைத் தொடங்கியதற்கு ஊருக்குச் சொல்ல ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். உண்மையான காரணம் கும்போ. அவன் ஜோனிக்குப் போகிற லாரியில் ஏறக்கூடாது.

அவனும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டான். மானியம் வந்தால் இருப்பேன், வராவிட்டால் அறுவடைக்குப் பிறகு கிளம்பிவிடுவேன், நீ அழுதாலும் சரி என்று. நான் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அறக்கட்டளையிலிருந்து சவுகிலா என்ற பெண் போன் செய்தாள். கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டோமாம். வியாழக்கிழமை நேரில் வருவாளாம். பையன்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும், கையில் கருவியோடு படம் எடுக்க வேண்டும், ஒரு மணி நேரம் போதும் என்றாள்.

பட்டறை கல்யாண வீடாகிவிட்டது. பையன்கள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கும்போ எங்கிருந்தோ நீல உடுப்புகள் இரவல் வாங்கி வந்தான். செய்து முடித்த ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள், வேலை நடக்கிற மாதிரி தெரியட்டும் என்று. அவன் விசில் அடித்துக்கொண்டே சுற்றி வந்தான். அவன் விசில் அடித்து நான் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கிழவர் ஷாபா செத்துப்போனார்.

ஷாபா யாரென்றால், எங்கள் பட்டறைச் சத்தம் தாங்க முடியவில்லை என்று மாதம் தவறாமல் கிராமத் தலைவரிடம் போய் முறையிடுகிறவர். பையன்களை வழியில் கண்டால் காறித் துப்புவார். சுத்தியல் நிற்க வேண்டும் என்று ஆயுசு முழுக்கக் கேட்டார். கடைசியில் அது அவருக்குக் கிடைத்துவிட்டது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடிகிறவரை மண்வெட்டி வயலுக்குப் போகாது, மாவு மில் ஓடாது, இரும்பின் மேல் சுத்தியல் விழாது. குழி வெட்டுவது இளவட்டங்களின் பொறுப்பு. ஜோனிக்குப் போகாமல் எங்கள் ஊரில் மிஞ்சியிருந்த இளவட்டங்கள் அத்தனை பேரும் என் பட்டறைப் பையன்கள்.

சிக்னல் சரியாகக் கிடைக்க வேண்டி மேட்டுக்கு ஏறிப் போய் சவுகிலாவைப் பிடித்தேன். கார் ஏற்கெனவே பாதி வழி வந்து கசுங்குவைத் தாண்டிவிட்டது என்றாள். வெள்ளிக்கிழமை அவள் அடுத்த ஊரான ரும்பியில் இருக்க வேண்டும், திங்கட்கிழமை பட்டியல் வெளிநாட்டில் பணம் தருகிறவர்களுக்குப் போய்விடும். சனிக்கிழமை வரக்கூடாதா என்று கெஞ்சினேன். கார் அவளுடையதில்லையாம்.

தலைவரிடம் போனேன். அவர் வாசலில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சத்தமே இருக்காது, பையன்கள் உடுப்பைப் போட்டுக்கொண்டு சும்மா நின்றால் போதும், ஒரு மணி நேரம்தான் என்றேன். அவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

"நான் வேணாம்னு சொல்லல, நியாஜெரெ," என்றார். என்னை எல்லாரும் எங்கள் குலப்பெயரைச் சொல்லித்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். "நான் சரின்னே சொல்றேன்னு வெச்சுக்க. இன்னைக்குப் பட்டறையைத் திறந்தவன் வீட்ல நாளைக்கு ஒரு சாவு விழுந்தா, நான் உத்தரவு போட்டாலும் மண்வெட்டி எடுக்க ஆள் வராது. அதுக்கு நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் வெள்ளைக் கார் வந்து பூட்டின பட்டறை முன்னால் நின்றது. சவுகிலா சின்ன வயசுப் பெண். இறங்கினதும் தூரத்தில் பெண்கள் பாடுகிற இழவுப் பாட்டு அவள் காதில் விழுந்தது, முகம் மாறிவிட்டது. பையன்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டாள். இதோ என்றேன். குழி அதற்குள் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஓடினேன். குழி வெட்டும்போது பெண்கள் இடுகாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. இடுகாட்டுத் தோப்பின் ஓரத்தில், முதல் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கடப்பாரைச் சத்தம் நின்றது. முழங்கால்வரை செம்மண்ணோடு கும்போ வெளியே வந்தான்.

"நீ இங்க வரலாமாம்மா?"

"கார் வந்தாச்சுடா. நாலு பேரைக் கூட்டிட்டு வா. சுத்தியலைக் கையில பிடிச்சுட்டு நின்னாப் போதும், அடிக்கக்கூட வேணாம்."

"அடியில பாறை இருக்கு. இருக்கிற ஆளே பத்தல."

"இது போச்சுன்னா எல்லாம் போச்சு. உனக்குப் புரியுதா இல்லையா?"

"புரியுது."

"உன்னைக் கண்டாலே காறித் துப்புன மனுஷன்டா அவரு. அவருக்காகவா?"

அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். "துப்புனாருதான். அதுக்காகக் குழியைப் பாதியில விட்டுட்டு வர முடியுமா? முதல் மண்ணு வெட்டினதே நான்தான்மா," என்றான். சொல்லிவிட்டு மரங்களுக்குள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் கடப்பாரைச் சத்தம் மறுபடி கேட்டது.

எனக்கு அவனை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. நான்கு பேரோடு அவன் என் பின்னால் ஓடி வந்திருந்தால் அவன் மூஞ்சியில் எப்படி முழிப்பேன் என்றும் இருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்ய முடியும்? திரும்பி நடந்தேன்.

சவுகிலாவைக் குறை சொல்லமாட்டேன். காரிலிருந்து ஒரு துணியை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு இழவு வீட்டுக்கு வந்தாள், தரையில் எங்களோடு உட்கார்ந்தாள், துக்கம் கேட்டாள், முறைப்படி கையில் இருந்த பணத்தை வைத்தாள். கிளம்பும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? எங்க ஊர்லயும் இதேதான். ஆனா படிவத்துல வேலை நடந்துச்சா நடக்கலையான்னு ஒரே கேள்விதான் கேட்டிருக்காங்க. நான் என்னன்னு எழுத?"

தோப்பைக் காட்டினேன். நீ பார்க்க வந்த பையன்கள் அதோ இருக்கிறார்கள், ஒருத்தன்கூடக் குறையாமல் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், போய்ப் பார் என்றேன்.

"அங்க போய் நான் எப்படிம்மா படம் எடுப்பேன்?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு ஆணிகூட வாங்க முடியாது. கார் போய்விட்டது. அன்று சாயங்காலம் ஷாபாவை அடக்கம் செய்தோம். குழி நேர்த்தியாக இருந்தது என்று ஊரே பேசியது.

பதில் இரண்டு வரியில் வந்தது. வருகையின்போது செயல்பாடு எதுவும் காணப்படவில்லையாம். கும்போவிடம் படித்துக் காட்டினேன். அவன் கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினான். பட்டறையை ஒரு தடவை பெருக்கி, கருவிகளுக்கு எண்ணெய் தடவி வைத்தான். அறுவடை முடிந்ததும் நான்கு பையன்களோடு கிளம்பினான். நிலக்கடலை வறுத்து, சோளம் இடித்து, துணியில் கட்டிக் கொடுத்தேன். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்து என்ன செய் என்று சொல்வேன்? மிச்சமிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பட்டறைக்குள் இப்போது கோழிதான் அடைகிறது. கும்போ எல்லையைத் தாண்டியதும் ஒரு தடவை பேசினான். அதற்கப்புறம் அந்த நம்பர் அணைந்தே இருக்கிறது.

போன வாரம் சவுகிலா போன் செய்தாள். என்னை மறக்கவில்லையாம். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"புதுசா ஒரு மானியம் வந்திருக்கும்மா. தென்னாப்பிரிக்கா போயிட்டுத் திரும்பி வர்ற பசங்களுக்குத் தொழில் வெச்சுக் குடுக்கிறதுக்கு. இந்தத் தடவை நேர்ல வந்து பாக்கிறதெல்லாம் கிடையாது. உங்க பட்டறைக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு. உங்க பக்கத்துலேர்ந்து நிறையப் பேர் போறாங்கல்ல?"

"போயிருக்காங்க," என்றேன்.

"திரும்பி வந்தவங்க?"

"யாரும் இல்ல."

"ஒருத்தராவது வேணும்மா. இந்த மாசக் கடைசி வரைக்கும் எழுதலாம். அதுக்குள்ள யாராவது வந்தா உடனே எனக்குச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜோனியில் நம் பையன்களைப் போலீஸ் தெருவில் துரத்திப் பிடிக்கிறதாம், அடைத்து வைத்து, பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்புகிறதாம். என் பிள்ளையையும் பிடிக்கட்டும், நாலு அடி போட்டாலும் போடட்டும், மாசக் கடைசிக்குள் அனுப்பி வைக்கட்டும் என்று பெற்றவள் ஒருத்தி சாமியிடம் கேட்கலாமா? கேட்டேன்.