தரையில் உட்கார்ந்த பாறுகள்

பிணம் தின்னும் கழுகுகளான பாறுகள் மரத்தில் உட்கார்ந்திருந்தால் சிங்கம் இன்னும் இரையின் பக்கத்தில் இருக்கிறது. தரையில் இறங்கியிருந்தால் அது போய்விட்டது. மௌன் ஊரில் காட்டுப் பாதையில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் எல்லோருக்கும் இது தெரியும். என் கணவர் ஒலெபிலே இதை நம்பித்தான் அன்று இறங்கினார்.

அவர் வண்டி ஓட்டுவார், நான் சமைப்பேன். அந்த முறை ஒரே ஒரு பயணி. தெற்கே கேப் பக்கத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஃபூரி அம்மாள். வேட்டைப் பறவைகளைத் தவிர வேறெதற்கும் வண்டியை நிறுத்த விடமாட்டார். யானைக் கூட்டம் குறுக்கே வந்தால்கூட, "இதுங்க எப்ப நகரும்?" என்று கேட்பார். கலஹாரியில் முள்மரத்து உச்சியில் போர்க்கழுகைப் பார்த்தார். உப்புவெளிக்கு மேலே, கயிற்றில் நடப்பவனைப் போல இப்படியும் அப்படியும் சாய்ந்து பறந்த குட்டைவால் கழுகைப் பார்த்தார். இனி பாறுகள்தான் பாக்கி.

ஒலெபிலே தேடியது ஒரே ஒரு பறவையை. பறவை ஆராய்ச்சிக்காரர்கள் மரமேறி எடுத்துவந்த குஞ்சின் இறக்கையில் மஞ்சள் வில்லை மாட்டியபோது, அதை மடியில் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். வில்லையில் எண் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு பயணத்திலும் எங்காவது அது கண்ணில் பட்டுவிடும். போன மழைக்குப் பிறகு படவில்லை.

"அவ உயிரோட இருக்காளான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும், மா-நலேடி" என்றார். நலேடி எங்கள் மகள்; மா-நலேடி என்றால் நலேடியின் அம்மா.

"என் பேரு மறந்துபோச்சு, மகள் பேரை வெச்சுக் கூப்பிடுறீங்க. அவ நம்பர் மட்டும் மறக்கலையே!"

"நீ தொலைஞ்சு போனாத்தானே உன்னைத் தேடணும்?"

ஃபூரி அம்மாள் சிரித்தார்.

மபாபே தாண்டி, வெயில் ஏறும் நேரம். புல்வெளி நடுவில் செத்த மாட்டின் கொம்பு தெரிந்தது. சுற்றிலும் தரையில் பாறுகள். அத்தனை பாறுகளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஒலெபிலே எஞ்சினை நிறுத்தினார். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தவர் அதை எடுக்கவேயில்லை.

"மஞ்சள். அந்தா, கொம்புக்கு இந்தப் பக்கம். அவதான்!"

"சிங்கம்?" என்று ஃபூரி அம்மாள் கேட்டார்.

ஒலெபிலேயின் ஆட்கள் சிங்கக் குலம். சிங்கத்தை உறவுமுறை சொல்லித்தான் பேசுவார். "சித்தப்பா சாப்பிட்டு, கை கழுவிட்டுப் போயாச்சு மா. இல்லேன்னா இதுங்க பந்தியில உக்காருமா?"

இறங்கி நடந்தார். பாறுகள் எழவில்லை.

"ஏங்க, இதுங்க ஏன் பறக்கல?"

"வயிறு முட்டத் தின்னிருக்குதுங்க. உன் சமையலச் சாப்பிட்டு நான் எந்திரிக்க முடியாமக் கிடக்குறதில்லையா?"

அதுவும் நடப்பதுதான். நிறையத் தின்ற பாறு எழும்பாது. ஆனால் தின்ற பாறுகள் சண்டை போடும், சீறும், ஒன்றையொன்று மிதிக்கும். இவை தலையைத் தொங்கவிட்டு, ஏதோ ஒன்றுக்குக் காத்திருப்பவைபோல உட்கார்ந்திருந்தன. அவர் அவற்றின் நடுவே போனபோது ஒன்றுகூட விலகவில்லை. செத்த மாட்டின் நாற்றம் எங்கள்வரை வந்தது. ஆனால் ஈக்களின் சத்தமே இல்லை.

அவர் குனிந்து தன் பறவையைத் தூக்கினார். அப்போது அவர் கால் பட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அப்படியே சாய்ந்தது. உட்கார்ந்த நிலையிலேயே செத்திருந்தது.

ஒலெபிலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது எனக்கும் அப்போதுதான் புரிந்தது. சிங்கத்தைக் கொல்ல யாரோ மாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள். பறக்க முடியாத பறவை, சிங்கம் இருந்தாலும் தரையில்தான் இருக்கும்.

கொம்புக்குப் பின்னால் ஒரு பெண் சிங்கம் எழுந்தது. உறுமவில்லை. வாயிலிருந்து நுரை நூலாகத் தொங்கியது. பின்னங்கால்கள் தனித்தனியாக நடந்தன. அவர் ஓடவில்லை. ஒரு கையால் பறவையை மார்போடு அணைத்து, மறுகையால் தொப்பியைக் கழற்றினார். சிங்கத்தின் முன் தொப்பி போடக்கூடாது என்று அவர் அப்பா பழக்கியிருந்தார். "வழி விடு, சித்தி" என்று அவர் மெல்லச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அவ்வளவு அமைதி.

அது விழுந்ததா, பாய்ந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு கடி, கழுத்தில். பிறகு அவர் பக்கத்திலேயே படுத்து, தூங்குவதுபோலச் செத்துப்போனது.

நான் இறங்கினேன். "போகாதே மா, போகாதே!" என்று ஃபூரி அம்மாள் கத்தினார். உயிரோடிருந்த சில பாறுகள் தலையை மட்டும் நான் போன பக்கம் திருப்பின. அவர் போய்விட்டார். கைக்குள் இருந்த பறவை மூச்சுவிட்டது.

அவரையும் பறவையையும் வண்டியின் பின்னால் ஏற்றினோம். ஃபூரி அம்மாள் ஓட்டினார். குழிகளில் என் கணவரின் தலை ஆடக்கூடாது என்று, "மெதுவா மா, மெதுவா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பிணம் தின்னும் பறவை அது. அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. மௌன் வரும்வரை அவருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தது. ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அது பிழைத்தது. ஆராய்ச்சிக்காரர்கள் தேற்றிப் பறக்கவிட்டார்கள்.

துக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடையைக் கழற்றியபின் நானே அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறேன். தரையில் பாறுகளைக் கண்டால் முதலில் ஒரு கல் எறிவேன். எல்லாம் எழுந்து பறந்தால்தான் கதவு திறக்கும்.

போன குளிர்காலத்தில் சவுட்டி பக்கத்தில் கல் எறிந்தேன். எல்லாம் எழுந்தன, ஒன்றைத் தவிர. மஞ்சள் வில்லை. நோய்வாய்ப்பட்ட பறவை அல்ல, கழுத்து நிமிர்ந்திருந்தது. வண்டியை நன்றாகப் பார்த்தது. பிறகு நிதானமாக நடந்து வந்து, வண்டியின் பின்பக்கத்தை ஒட்டி, அதற்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்தது.

"இறங்கலாமா மா?" என்று பயணி கேட்டார்.

"யாரும் இறங்க வேண்டாம்."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் சமையல் பெட்டியும் தண்ணீர்க் கேன்களும்தான் இருந்தன.

இருந்தாலும் மௌன் வரும்வரை குழிகளில் மெதுவாகவே ஓட்டினேன்.