புள்ளிக்கோட்டுப் பாலம்

அப்பாவின் கால்மாட்டில் நின்று அமரர் ஊர்திக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள் மகள்.

"ரெண்டு மணிக்குள்ள மயானத்துல இருக்கணும்மா. அடுத்தவங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

"எங்க அத்தை இன்னும் வரலைங்க. அப்பாவோட ஒரே தங்கச்சி."

"வெளியூரா?"

அவள் பால்கனிப் பக்கம் கைகாட்டினாள். ஆறுவழிச் சாலைக்கு அந்தப் புறம் ஒரு மஞ்சள் அடுக்குமாடி. மூன்றாம் மாடியில் அத்தை நிற்பது தெரிந்தது. கூப்பிடு தூரத்தில் இருப்பவர் ஏன் வரவில்லை என்று கேட்க வாயெடுத்த ஓட்டுநர், சாலை நடுவே ஓடிய ஆள் உயரச் சுவரைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

போன் அடித்தது. அத்தைதான்.

"ரெண்டு டாக்சிக்காரன் வர்றேன்னுட்டு வரலைடி. இவ்வளவு தூரம் சுத்தணுமான்னு கேக்குறான். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் சுவரேறியா குதிக்க முடியும்? அண்ணன் முகத்தைக் காட்டாம எடுத்துடாதீங்கடி."

"எடுக்க மாட்டோம் அத்தை."

எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். கால் கெஞ்சியது.

நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள் அவள். இந்தப் புறநகரிலும் அவள் கை உண்டு. காம்பஸ் முள்ளைப் பேருந்து நிறுத்தத்தில் ஊன்றி ஒரு வட்டம் போடுவார்கள். அதற்குள் விழுவதெல்லாம் ஐந்து நிமிட நடை. முள்ளுக்குச் சாலையும் தெரியாது, சுவரும் தெரியாது.

பழைய தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருந்த அண்ணனும் தங்கையும் அந்த வட்டத்தை நம்பித்தான் இங்கே ஆளுக்கொரு வீடு வாங்கினார்கள். நாற்பது வருஷம் நடந்து நடந்தே கடிதம் கொடுத்த தபால்காரர் அப்பா. வரைபடத்திலும் விரலால் நடந்து பார்த்தார். சாலைக்குக் குறுக்கே புள்ளிக்கோட்டில் ஒரு நடைபாலம் இருந்தது.

"இதுல ஏறித்தானே தங்கச்சி வீட்டுக்குப் போகணும்?"

"ஆமாப்பா."

அவர்கள் அலுவலகத்தில் புள்ளிக்கோடு என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். அதை அவள் சொல்லவில்லை. மறுவருடம் மேலதிகாரி சொல்ல, அந்தக் கோட்டை அழித்ததும் அவள்தான்.

அப்பா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால்கனியில் நின்று துண்டை அசைத்துக் காட்டுவார். அந்தப் பக்கம் அத்தையும் எதையாவது எடுத்து அசைப்பாள். "தங்கச்சி வீட்டுக்குப் போக இனிமே பாஸ்போர்ட் எடுக்கணும்போல" என்று அம்மாவிடம் சிரிப்பார். இரண்டு வருடத்தில் மகள் அவரை டாக்சியில் கூட்டிப்போனது நான்கே தடவை.

"எந்த வழியாப் போவீங்க?" என்று ஓட்டுநரிடம் கேட்டாள்.

"மயானம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்ல இருக்கு. வேற ஏதும்மா வழி? அஞ்சு கிலோமீட்டர் போய் யூ-டர்ன் எடுத்து, அந்தப் பக்கமா இதே தூரம் திரும்பி வரணும்."

"அப்போ அத்தை வீட்டு வாசலைத் தாண்டித்தானே போகணும்?"

அவர் யோசித்தார். "அங்க நிறுத்தக் கூடாதும்மா. பிடிச்சா ஃபைன் போடுவான்."

"போடட்டும். ரோட்டை வரைஞ்சவளே வண்டிக்குள்ளதான் இருக்கான்னு சொல்லுங்க."

அம்மா வரவில்லை என்றுவிட்டாள். வாசல்வரை வந்து, அப்பாவின் நெற்றியைத் தடவிவிட்டு, மாடியேறிப் போனாள்.

மஞ்சள் அடுக்குமாடி வாசலில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளைப் பிடித்தபடி அத்தை காத்திருந்தாள். ஊர்தி ஓரங்கட்டியது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனது. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

அத்தை அழவில்லை. எட்டி அண்ணனின் கன்னத்தைத் தொட்டாள்.

"வந்துட்டியாண்ணா. இதோ வர்றேன், இதோ வர்றேன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தே."

மகளால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பிக்கொண்டாள். ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

சுவருக்கு மேலே அவர்கள் வீட்டுப் பால்கனி பளிச்சென்று தெரிந்தது. கம்பியில் கிடந்த அப்பாவின் துண்டை அம்மா எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.