எனக்கு விட்ட இடத்தில் நான்கு முட்டைகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபத்தெட்டு வயதுவரை பொய் சொல்லியே ஊரில் நல்ல பேர் வாங்கியவன் நான். ஒருமுறை, நகரியிலிருந்து புத்தூர் போகிற பஸ்ஸில் ஒரு நாரை டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறியது என்றேன். எங்கே இறங்கியது என்று கேட்டார்களே தவிர, ஏறியதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் இந்தப் பொய் வேடிக்கைக்குச் சொன்னதல்ல. மூன்று வருஷத்துக்கு முன்பு, எங்கள் ஊர் இடுகாட்டில் ஜேசிபி விட்டு, முள்ளையெல்லாம் வழித்துப் போட்டு, சிமெண்ட் தளம் போடுவதாகப் பஞ்சாயத்தில் பேச்சானது. சர்பஞ்ச் ஸ்ரீதேவிக்குச் சுத்தம் என்றால் உயிர். நான் போய், அங்கே நட்சத்திர ஆமை குடியிருக்கிறது, கை வைத்தால் கேஸாகிவிடும் என்றேன்.

[இங்கே ஆமையைப் பற்றி ஒரு வர்ணனை இருந்தது. முதுகில் செங்கமலத்தின் கல்யாணப் புடவைக் கட்டம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்தப் புடவை எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.]

2

செங்கமலம் என் மனைவி. அவளை எப்படிக் கதைக்குள் கூட்டி வருவது என்று மூன்று விதமாகப் பார்த்தேன்.

‘செங்கமலம் போன அன்று நல்ல மழை’. மழை இல்லை. வெயில்.

‘அவளைப் போல ஒரு’. இதற்கு மேல் பேனா போகவில்லை.

‘அவள் மெதுவாகத்தான் பேசுவாள், என்ன சொல்கிறாள் என்று கேட்க நான் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்’. இது இருக்கட்டும்.

எங்கள் ஊரில் புருஷன் பெண்சாதியில் ஒருவர் முன்னால் போய்விட்டால், பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டு, கால்மாட்டில் ஒரு சின்னக் கல்லை நட்டு வைப்பார்கள். பாக்கி இருக்கிற ஆளுக்கு. கல்லில் பேர் இருக்காது. ஆனாலும் யாரும் அதை மிதிக்க மாட்டார்கள். ஜேசிபி மிதிக்கும். அதற்காகத்தான் ஆமை.

3

ஃபாரஸ்டிலிருந்து யஸ்வந்த் என்ற பீட் ஆபீசர் வந்தார். காலை முழுக்கத் தேடிவிட்டு, “தாபேலு எக்கட தாத்தா?” என்றார். ஆமை எங்கே என்று அர்த்தம். வெளியூர் போயிருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் முள்ளுக்குள் குனிந்தவர் நிமிர ஒரு மணி நேரமானது. உடும்பு வளை, கீரி, கௌதாரிக் குஞ்சுகள் என்று நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது.

பிறகு ஊர் கூடியது. செத்தவர்களும் இருக்கட்டும், மற்ற உயிர்களும் இருக்கட்டும் என்று தீர்மானம். விதிகளைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதியது நான்தான். சிமெண்ட் கூடாது. தலைமாட்டில் நாவலோ இலந்தையோ ஒரு கன்று நட வேண்டும். எந்த உயிர் எங்கே குட்டி போட்டாலும் முட்டை வைத்தாலும், அங்கே தோண்டக் கூடாது. மூன்றாவது விதியில் எனக்கு நல்ல நடை வாய்த்துவிட்டது. அதில் மயங்கிப்போனேன்.

(குறிப்பு: கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற முதல் வருஷம் ஊரே வந்தது. இப்போது நான் மட்டும் போகிறேன். கஷ்டமில்லை. என் வீட்டைவிட அங்கே கூட்டம் அதிகம்.)

4

போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு சாயங்காலம், ஆமை வந்தது.

நம்ப மாட்டீர்கள். இந்த ஆமை என்கிற பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம்தான். நான் சொன்ன பொய் காதில் விழுந்து, மூன்று வருஷமாக நடந்து வந்ததுபோல் இருந்தது. அதன் நடைக்கு அது சரியாகவும்தான் வருகிறது.

பின்னங்காலால் தோண்டியது. நான்கு முட்டை. மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றால் தட்டித் தட்டி மட்டமாக்கிவிட்டு, என்னை ஓர் ஆளாக மதிக்காமல் போய்விட்டது.

எங்கே என்றால், அந்தச் சின்னக் கல்லை ஒட்டி. செங்கமலத்துக்கு வலது பக்கம். எனக்கு விட்ட இடத்தில்.

5

யஸ்வந்துக்கு மாற்றலாகிவிட்டது. திருப்பதியில் இருக்கிற என் மகள் தேவயானியிடம், ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். “மாத்திர போட்டுக்கினியா நைனா?” என்றாள். ஸ்ரீதேவியிடம் போனேன். வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா தாத்தா, மறுபடியும் ஆமையா?”

இது நிஜ ஆமை, எனக்கு விட்ட இடத்திலேயே முட்டை வைத்திருக்கிறது என்றேன்.

“மொத ஆமை பொய்னு அன்னிக்கே தெரியும். ஊருக்கெல்லாம் கத வுடற ஆளு, அன்னிக்கு சொல்லும்போது கை நடுங்கிக்கினு இருந்தது. இன்னாவோ இருக்குதுன்னுதான் ஜேசிபிய திருப்பி அனுப்பிட்டேன்.”

நான் என் கையைப் பார்த்தேன். இன்றைக்கு நடுங்கவில்லை. அங்கேதான் கெட்டது. இந்த ஆமையையும் அவள் நம்பவில்லை.

“நீ இன்னாத்துக்கு பயப்படறேன்னு தெரியுது,” என்றாள். “உன் எடத்த யாரும் தொடமாட்டாங்க தாத்தா. உன்ன ஆயா பக்கத்துலதான் வெப்பம். நானே நின்னு தோண்ட வெக்கறேன், போதுமா?”

இவ்வளவு அன்பாக என்னிடம் ஒருவர் பேசி வெகு நாளாகிறது. நான்கு முட்டைகளும் இந்த அன்பில்தான் உடையப் போகின்றன. தோண்டிக் காட்டி நிரூபிக்கலாம். காட்டினால் முட்டை கெட்டுவிடும்.

6

முடிவுகள்.

அ: குஞ்சு பொரிக்கிறவரை நான் சாகாமல் இருக்கிறேன். ஆறு மாதம்கூட ஆகலாமாம். புத்தூர் டாக்டரின் முகத்தைப் பார்த்தால், இது கொஞ்சம் கூடுதலான கற்பனை.

ஆ: நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஸ்ரீதேவி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். செங்கமலம் பக்கத்தில் நான். [இதை எழுதி இரண்டு நாள் வைத்திருந்தேன். ரொம்பவும் பிடித்திருந்தது.]

இ: நேற்றுப் போய்க் கல்லைப் பிடுங்கிப் பார்த்தேன். வந்துவிட்டது. அவ்வளவு லேசாக வரும் என்று நினைக்கவில்லை. வேலியோரம் வேம்புக்கடியில் நட்டேன். அவளிடமிருந்து இருபத்திரண்டு அடி. என் பாதத்தால் அளந்தது.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால், ஆடு தள்ளியிருக்கும் என்று யாராவது கல்லை எடுத்துப்போய்ப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டால்? நான் சொன்னால் கதை என்பார்கள். முன்பின் தெரியாத நீங்கள் சொன்னால் நம்புவார்கள். என் சாவுச் செய்தி காதில் விழுந்தால், ஸ்ரீதேவியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: கல் எங்கே இருந்தாலும், வேலியோரம் வேம்புக்கடியில் தோண்டட்டும்.

எனக்காக வருத்தப்பட வேண்டாம். இருபத்திரண்டு அடி ஒரு தூரமில்லை. செங்கமலம் கூப்பிட்டால் கேட்கும். அவளுக்குப் பெரிய குரல்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அடிப்பதா, விடுவதா என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடியவில்லை. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.