ஒல்லி, குண்டு, இரட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பல மாதங்களாக வாய் திறக்காமல் இருந்த என் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசினாள். என்னிடம் அல்ல, என் மனைவியிடம். அதுவும் கணினிக்குள் பறக்கும் ஒரு போர் விமானத்தின் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு.

நான் எழுதிப் பிழைக்கிறவன். சொந்த வீட்டுக்குள் இப்படி ஒன்று நடந்தால் சும்மா இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

'நீலத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளிப் பறவை

போதும். அந்த விமானம் சாம்பல் நிறம். வயிற்றுப் பக்கம் எண்ணெய்க் கறை. வெள்ளிப் பறவை என்று எழுதினால் என் மனைவி எனக்குச் சோறு போட மாட்டாள். இரண்டாவது முயற்சி:

'பறத்தல் என்பது மனித குலத்தின் ஆதி ஏக்கம். அந்த ஏக்கத்தின்

இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன். தடுமாறும் இடங்களை அழிக்கப் போவதில்லை. நீங்களும் என் கூடவே தடுமாறுங்கள்.

2

என் மனைவி பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு பீங்கானில் பல் கட்டித் தரும் ஒரு சிறிய கூடத்தில் வேலை. பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பார்க்காமல் எந்தப் பல்லையும் வெள்ளை என்று அவள் ஒத்துக்கொண்டதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பது அவளுக்குக் கூடப் பிறந்த குணம். (என்னையும் யாரோடாவது ஒப்பிட்டிருப்பாள். கேட்டதில்லை.)

வேலை முடிந்து வந்தால் வீட்டின் சின்ன அறை அவளுடையது. மேசையில் திருகி வைத்த ஜாய்ஸ்டிக், தரையில் இரண்டு மிதிகள், பெரிய திரை. நிஜ விமானத்தை நுணுக்கம் பிசகாமல் கணினியில் ஓட்ட வைக்கும் சிமுலேட்டர் அது. அதில் ஒரே போர் விமானம் மூன்று வகையாக இருந்தது. அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ரசிகர்கள் வாசலுக்கே சண்டைக்கு வந்துவிடுவார்கள். அவள் வைத்த பெயர்களே போதும்: ஒல்லி, குண்டு, இரட்டை.

"மொதல்ல செஞ்சது ஒல்லிங்க. எடையே கிடையாது. திரும்பணும்னு நினைச்சா போதும், திரும்பிடுவா. ஆனா ராடார் சுமார்தான், ரொம்ப தூரமும் போக மாட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் ஆளாளுக்குக் குறை சொன்னாங்க. மழையில தெரியல, ஆயுதம் பத்தல, சீக்கிரம் எரிபொருள் தீருதுன்னு. எல்லாத்தையும் ஏத்துனாங்க. குண்டாயிட்டா. எஞ்சினையும் பெருசு பண்ணாங்கதான். ஆனாலும் திரும்பச் சொன்னா பெருமூச்சு விடறா."

"இரட்டை?"

"அது புதுசா ஓட்டறவங்களைப் பழக்கறதுக்கு. பைலட்டுக்குப் பின்னாடி இருந்த எரிபொருள் டேங்கை எடுத்துட்டு அங்க இன்னொரு ஆளை உக்கார வச்சாங்க."

எரிபொருள் இருந்த இடத்தில் ஒரு ஆள்.

[இந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்குத் தத்துவம் பேசலாம் என்று உங்களுக்கும் தோன்றும். நான் பேசியும் பார்த்தேன். 'குடும்பம் என்பதும் ஒரு' என்று தொடங்கிய வாக்கியம் முடிய மறுத்துவிட்டது. விட்டுவிட்டேன்.]

ஒரு நாள் அவள் மூன்றையும் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், ஒரே அளவு எரிபொருளோடு ஓட்டி, வால் புகையைத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாலும் முழு வட்டம் அடித்தாள். பிறகு பதிவான மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து காட்டினாள். கடலுக்கு மேலே மூன்று வெண்ணிற வட்டங்கள். உள்ளே ஒல்லி, அடுத்தது இரட்டை, எல்லாவற்றுக்கும் வெளியே குண்டு. ஒரு இருக்கையின் எடை வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கோடு போட்டுக் காட்டியது போல இருந்தது. எனக்கு விமானம் பற்றி அரிச்சுவடி கூடத் தெரியாது. ஆனாலும் கையிலிருந்த காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

3

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினாள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை. காலடியில் தனக்கென்று தனி பிரேக், தனி கிளட்ச். எங்கள் ஊரில் ஸ்டியரிங் பிடித்த பாதிப் பேர் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். டாக்டர், வக்கீல் யாராக இருந்தாலும் வண்டியில் ஏறிவிட்டால் 'டா'தான், 'டி'தான். இறங்கினதும் மரியாதை தானாகத் திரும்பி வந்துவிடும்.

பக்கவாதம் வந்தபோது வலது கை தளர்ந்தது. சொற்களும் போய்விட்டன. நாம் பேசுவது எல்லாம் புரியும். பதில் மட்டும் வராது.

பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். சாவியின் படத்தைப் பார்த்து அம்மா ஒரு நாள் "கத்தரி" என்றாள். சொன்னது தப்பு என்று அவள் காதுக்கே தெரிந்தது. இன்னொரு தடவை முயன்றாள். மறுபடியும் "கத்தரி". அம்மா அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். அன்றோடு வாயை மூடியவள்தான்.

[முதல் வரைவில் அந்தப் பயிற்சிப் பெண்ணைக் கல்நெஞ்சக்காரியாக்கியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லி வேண்டாமா? ஆனால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டவளை நானே பார்த்திருக்கிறேன். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.]

"முடியலங்கறது பாதிதான் சார்," என்றாள் வாசலில். "முயற்சியே பண்ண மாட்டேங்கறாங்க. அதுதான் பயமா இருக்கு. நாள் தள்ளத் தள்ள இன்னும் கஷ்டம்."

வீட்டில் மூன்று பேர் சாப்பிடுவோம். தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

4

என் மனைவி தன் ஒப்பீட்டை ஒரு விமான ரசிகர் குழுவில் போட்டாள். 'கொடுக்கு' என்ற புனைபெயரில் ஒருவர் பதில் எழுதினார்: 'இரட்டை சண்டைக்கு ஆகாது. பின் சீட்டு வெறும் பாரம்.' அவர் ஒல்லியில் வருவதாகவும் இவள் இரட்டையில் வருவதாகவும் ஒற்றைக்கு ஒற்றை மோதிப் பார்ப்பது என்று முடிவானது.

"பின் சீட்டைக் காலியா வச்சுட்டுப் போனா அது நியாயமான சோதனை இல்லங்க. யாராவது உக்காரணும்," என்றாள்.

சிமுலேட்டரில் இன்னொரு கணினியிலிருந்து பின் இருக்கையில் ஏறிக்கொள்ளலாம். என் மடிக்கணினியை ஒரு முக்காலியில் வைத்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி போட்டாள். நான் உட்கார்ந்தேன். இரண்டாவது திருப்பத்தில் எனக்குக் குமட்டி, குளியலறைக்கு ஓடினேன். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால் என் நாற்காலியில் அம்மா.

அறைக்கு எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக வாசலில் நின்று பார்த்தாள், தெரியாது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையால் மவுஸைப் பிடித்து, பின் இருக்கையிலிருந்து வானத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன்.

"அத்தை, நீங்க பேசவெல்லாம் வேணாம்," என்றாள் மெதுவாக. "எதிரி எந்தப் பக்கம் போறான்னு பாத்து என் தோள்ல தட்டுனா போதும். இடதுன்னா இடது தோள், வலதுன்னா வலது."

அந்த வாரம் முழுக்க இருவரும் பழகினார்கள். வேலையிலிருந்து அவள் வரும் நேரத்துக்கு அம்மா நாற்காலியில் தயாராக இருப்பாள். கணினியே ஓட்டும் எதிரிகள் வருவார்கள். அம்மா மவுஸை விட்டுக் கையை எடுத்துத் தோளில் தட்டுவாள். பிறகு மறுபடி மவுஸைப் பிடித்துத் தேடுவாள்.

[ஒரு சிக்கல் இருந்தது. மூன்று பேரில் யாரும் அதை யோசிக்கவில்லை. அம்மாவுக்கு வேலை செய்வது ஒரு கைதான். அதனால் பார்க்கலாம், அல்லது தட்டலாம். சோம்பேறித்தனமாக வரும் கணினி எதிரிகளுக்கு அது போதுமாக இருந்தது.]

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தோம். நான் கதவோரம் நின்றேன்.

இரண்டு விமானங்களும் நேருக்கு நேராக வந்து உரசுவது போலக் கடந்தன. அப்புறம் இரண்டும் திரும்பின. கொடுக்கு கெட்டிக்காரர். ஒல்லியின் வட்டம் சின்னது என்று முன்பே பார்த்திருந்தோமே, அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே அவர் எங்கள் வாலை நோக்கிக் குறுகி வந்தார். திடீரென்று மூக்கைக் கீழே சாய்த்து எங்கள் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மறைந்தார். வான்சண்டையில் கண்ணை விட்டால் கதை முடிந்தது. மனைவி தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"காணோம். அத்தை, எங்க போனான்? அத்தை!"

அம்மாவின் திரையில் அவர் தெரிந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி, வேகமாக நழுவிக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் தொலைந்துவிடுவான். அம்மாவின் விரல்கள் மவுஸை இறுக்கின.

"இடது."

நான் என் மனைவிதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"இடது. கீழ. கீழ வரான்." குரல் துருப்பிடித்த கதவு மாதிரி கரகரத்தது. அடுத்த நொடி துரு உதிர்ந்தது. "கண்ணாடி பாரு! கண்ணாடி! பின்னாடி வந்துட்டான், பிரேக்! பிரேக் போடு!"

அது கட்டளை. ஊரில் பாதிப் பேரின் வலது காலைத் தன்னிச்சையாக நகர வைத்த குரல். என் மனைவி யோசிக்கவே இல்லையாம், கட்டைவிரல் தானாக அமுக்கியதாம். இரட்டையின் ஏர் பிரேக் விரிந்தது. விமானம் காற்றில் இடறியது போல வேகம் குறைந்தது. கீழிருந்து ஏறி வந்த வேகத்தைக் குறைக்க நேரமில்லாத கொடுக்கு எங்கள் தலைக்கு மேலே சீறிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அவருடைய எஞ்சின் துவாரம் எங்கள் திரையில் நிலா அளவுக்குத் தெரிந்தது. ஒரு விசையை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

இங்கே உங்களுக்கு மூன்று முடிவுகள் தருகிறேன்.

அ) அவள் அமுக்கினாள். கொடுக்கு தீப்பந்தமானார். பின் சீட்டு பாரமல்ல என்று நிரூபணமானது. (கைதட்டல். எனக்கே பிடிக்கவில்லை.)

ஆ) பின் இருக்கையிலிருந்து அம்மாவே அமுக்கி (வேண்டாம்.)

இ) நடந்தது. என் மனைவி ஜாய்ஸ்டிக்கை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியோடு பின்பக்கம் திரும்பினாள்.

"அத்தை?"

விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து கடலை நோக்கி இறங்கத் தொடங்கியது.

"அத்தை, நீங்க…"

"ரோட்டப் பாருடி!" என்று அலறினாள் அம்மா.

திரை முழுக்கத் தண்ணீர். பிறகு கறுப்பு.

முதலில் அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவிதான் அழுதுகொண்டிருந்தாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னைக்குத்தான் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டிருக்காங்க."

திரையின் ஓரத்தில் கொடுக்கின் செய்தி வந்தது. 'என்னாச்சு? நீங்க என்னை அடிச்சிருக்கலாமே!'

'பின் சீட்டு பேசிடுச்சு' என்று அவள் பதில் அனுப்பினாள்.

'மைக் கோளாறா?' என்று கேட்டார், பாவம்.

6

அதிசயம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அன்று அம்மா நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைக்குப் போய், என்னிடம் எதையோ கேட்க உதட்டைக் குவித்தாள். ஒன்றும் வரவில்லை. தண்ணீர்ப் பானையைச் சுட்டிக்காட்டினாள்.

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். "சில பேருக்கு அப்படித்தான் சார். யோசிச்சுத் தேடுனா சொல் கிடைக்காது. வருஷக்கணக்கா வாய்ல பழகுனது, பாட்டு, எண்ணு, திட்டு, இதெல்லாம் சில சமயம் தப்பிச்சிருக்கும். எவ்வளவு தூரம் போகும்னு என்னால சொல்ல முடியாது." பிறகு பையைத் தூக்கிக்கொண்டாள். "அந்த ரூம் எங்க இருக்கு?"

இப்போது அவள் வாரம் இரண்டு முறை அந்தச் சின்ன அறையில், ஒயர்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்காருகிறாள். விமானம் மேகத்துக்கு மேலே நேராகப் போய்க்கொண்டிருக்கும். அவள் கேட்பாள், பின் இருக்கை பதில் சொல்லும். பாதி தப்பாக வரும். தப்பாக வந்தால் அம்மா இப்போது தன் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு மறுபடி முயல்கிறாள். போன வாரம் "மேகம்" என்றாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் வண்டிக்குள் ஒருபோதும் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத சொல். அதைக் கேட்டபோது மூன்று வெண்ணிற வட்டங்களைப் பார்த்து நின்றதைவிட அதிக நேரம் நின்றேன்.

ஒப்பீட்டின் முடிவை என் மனைவி நேர்மையாகவே போட்டாள். சண்டைக்கு ஒல்லி. தூரம் போகக் குண்டு. இரட்டை தோற்றது, காரணம் ஓட்டியவரின் கவனக்குறைவு.

7

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கத்தரி வரும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தாள். முடிவு மட்டும் இல்லை என்று சொன்னதும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து, சின்ன அறைக்குப் போய்ப் பின் நாற்காலியில் உட்கார்ந்தாள். முன் நாற்காலியைக் கண்ணால் காட்டினாள்.

மனைவி வேலையில் இருந்தாள். போன் போட்டேன்.

"எஞ்சின் எப்படி ஆரம்பிக்கறது?"

"நீங்களா ஓட்டப் போறீங்க?" சிரிப்பை அடக்குவது கேட்டது. சொல்லிக்கொடுத்துவிட்டு, "பின் சீட்டு சொல்றதைக் கேளுங்க," என்று வைத்துவிட்டாள்.

ரன்வேயின் முனையில் நிற்கிறோம். எஞ்சின் உறுமுகிறது. என் கால் பிரேக்கில். அம்மாவிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: இத்தனை மாதமாக என்னிடம் என்ன சொல்ல நினைத்தாய்? இந்த இருக்கையில் கேட்டால்தான் பதில் வரும். வராமலும் போகலாம். அதனால் கேட்காமல் நேரம் கடத்துகிறேன்.

"கிளம்பு," என்கிறாள் பின்னாலிருந்து.

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"க…" என்று தொடங்கி நிறுத்துகிறாள். தொடையில் ஒரு அடி விழுகிறது. "கால எடு."

எடுக்கிறேன். வெள்ளைக் கோடுகள் எங்களுக்குக் கீழே ஓடத் தொடங்குகின்றன. இனி எனக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கிறது, எழுத முடியாது. மேலே ஏறினோமா, கடலில் விழுந்தோமா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியையும் எனக்குப் பதிலாக நீங்களே கேளுங்கள். ஆனால் அவளை அவசரப்படுத்தாதீர்கள். சொல் வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.